கங்கை என்றொரு கப்பல்

1

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்குக் கடல் கிடையாது. எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடலை தெரியும், பருத்தி தெரியும், மக்காச்சோளம் தெரியும். கடலைப் பார்க்கணும்னா கடலூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ பஸ் ஏறணும். ஆனாலும் இந்த மண்ணில் கடலைப் பற்றிய பெருமைப் பேச்சுக்கு மட்டும் குறைச்சலே இல்லை. காரணம் கங்கைகொண்ட சோழபுரம்.

2021இல் ஆடித் திருவாதிரை அரசு விழாவாக அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலையில் ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பி ஆயிரம் ஆண்டு ஆனதென்று மத்திய அரசும் வந்து அதே ஊரில் விழா எடுத்தது. பிரதமர் வந்தார், நாணயம் வெளியிட்டார். மேடையில் யார் ஏறினாலும், எந்தக் கொடிக்காரர் ஏறினாலும், வசனம் ஒன்றுதான்: கடல் கடந்தான் தமிழன், கடலை ஆண்டான் தமிழன். கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நம்ம சேரி இளைஞர்களுக்கும் அந்த நேரத்தில் மார்பு விரியத்தான் செய்கிறது. விரியக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'கடல் கடந்த தமிழன்' என்று சொல்லும்போது எந்தத் தமிழன், எந்தக் கப்பல், எந்த வருஷம் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்டால் கதை வேறு பக்கம் திரும்பிவிடும். அந்த வேறு பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

1025ஆம் ஆண்டுப் படையெடுப்பு நடந்தது உண்மை. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அலைகடல் நடுவில் பல கலம் செலுத்தியதையும், கடாரத்து அரசனைப் பிடித்ததையும், யானைகளையும் பொக்கிஷத்தையும் கைப்பற்றியதையும், ஸ்ரீவிஜயம் தொடங்கி ஊர் ஊராகப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. பிடிபட்ட ஊர்களுக்குப் பெயர் இருக்கிறது. பிடிபட்ட அரசனுக்கும் பெயர் இருக்கிறது. கலம் செலுத்தினவனுக்குப் பெயர் இல்லை. மரம் அறுத்தவன், பாய் தைத்தவன், துடுப்புப் போட்டவன், வழியில் செத்தவன் ஒருத்தன் பெயரும் இல்லை. மெய்க்கீர்த்தியின் இலக்கணம் அது. அரசன் ஒருத்தனைத் தவிர மற்றவர்கள் அதில் கருவிகள்.

ஆனால் சோழர் கல்வெட்டில் நாம் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருக்கிறோம். ராஜேந்திரனின் அப்பன் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டிவைத்த கல்வெட்டில், கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி போடக்கூடாத நிலம் எது எது என்று ஒரு பட்டியல் வரும். ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று போகிற அந்தப் பட்டியலில் பறைச்சேரி இருக்கிறது, தீண்டாச்சேரி இருக்கிறது. சுடுகாட்டுக்குப் பக்கத்தில் நமக்கு இடம் கொடுத்து, அதைக் கல்லிலும் வெட்டிவைத்திருக்கிறார்கள். கடல்மேல் போன சோழப் பெருமைக்கும் கரைமேல் இருந்த இந்தச் சேரிக்கும் ஒரே ராஜ்யம், ஒரே கணக்குப்பிள்ளை. இதைச் சொன்னால் 'தமிழனைப் பிரிக்கிறாய்' என்கிறார்கள். பிரித்தவன் கல்லில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான், நாம் படித்துச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கடல் கடப்பது பாவம் என்று எழுதிவைத்தவர்களும் இந்த நாட்டில்தான் இருந்தார்கள். பௌதாயன தர்மசூத்திரம், சாதியைவிட்டு விழவைக்கும் குற்றங்களின் பட்டியலில் கடல் பயணத்தைச் சேர்க்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலும் சீமைக்குப் படிக்கப் போய்வந்த மேல்சாதிப் பிள்ளைகளுக்குப் பிராயச்சித்தம் செய்து வைத்தார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இழப்பதற்குச் சாதிப்பெருமை என்ற ஒன்று இருந்தால்தானே இழக்கிறது? அதனால்தானோ என்னவோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உண்மையிலேயே ஆயிரமாயிரமாய்க் கடல் கடந்த தமிழன் என்று ஒருத்தனைத் தேடினால், அவன் பெரும்பாலும் சேரியிலிருந்தும் சேரியை ஒட்டிய ஏழைச் சாதிகளிலிருந்தும்தான் கிடைக்கிறான்.

3

அந்தக் காலத்தில் பெரம்பலூரும் உடையார்பாளையமும் திருச்சி ஜில்லாவின் தாலுக்காக்கள். (பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல். அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மறுபடி சேர்க்கப்பட்டு, 2007இல் நிரந்தரமாய்ப் பிரிந்தது.) காவிரிப் பாசனம் எட்டாத மேட்டுக்காடு. வரகும் கம்பும் சோளமும் விளையும், மழை பொய்த்தால் அதுவும் விளையாது. உடையார்பாளையத்திலும் அரியலூரிலும் ஜமீன்கள். காவிரிக்கரையில் மிராசு. நம்ம ஆட்கள் பண்ணையாள், படியாள். 1843இல் சட்டம் போட்டு அடிமைமுறையை ஒழித்துவிட்டோம் என்று வெள்ளைக்காரன் சொன்னான். பத்திரத்தில் ஒழிந்தது, களத்துமேட்டில் ஒழியவில்லை. பிறகு 1876 முதல் 1878 வரை தாதுவருஷப் பஞ்சம். கஞ்சிக்கும் வழியில்லாதவன் எந்தத் திசையில் நடந்தாலும் நடந்த திசை நல்ல திசைதான்.

எங்க பக்கத்தில் அதிகம் பேர் நடந்தது இலங்கைக்கு. கங்காணி கூட்டிக்கொண்டு போவான். மலைத்தோட்டத்துக்குத் திருச்சி ஜில்லா முக்கியமான ஆள்பிடி ஜில்லா. 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று இரண்டு நாட்டுத் தலைவர்களும் பங்கு பிரித்தபோது, மூன்று தலைமுறைக்கு முன்னால் போன அதே சாதிசனம்தான் திரும்பிவந்தது. அப்புறம் பர்மா, மலேயா, மொரீஷியஸ். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி, 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள்.

இந்தப் பாதைகளிலேயே நீளமானது பிஜிப் பாதை. பசிபிக் சமுத்திரத்தின் நடுவில், ஆஸ்திரேலியாவுக்கும் கிழக்கே. 1879 மே 14ஆம் தேதி 'லியோனிடாஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. 1903லிருந்து சென்னையிலும் ஏற்றினார்கள். 1916இல் கடைசிக் கப்பல் போனது. மொத்தம் 42 கப்பல்கள், 87 பயணங்கள், 60,000 பேருக்கு மேல். அதில் சுமார் 15,000 பேர் தென்னாட்டிலிருந்து போனவர்கள். வடஆற்காட்டுக்காரர்கள் அதிகம். தஞ்சை, திருச்சி, சேலம் ஜில்லாக்காரர்களும் உண்டு, தெலுங்கர் உண்டு, மலையாளத்தாரும் உண்டு.

இந்த வியாபாரத்தில் பெரிய கை, ஜேம்ஸ் நோர்ஸ் என்ற வெள்ளைக்காரன் ஆரம்பித்த கப்பல் கம்பெனி. அந்தக் கம்பெனி தன் கப்பல்களுக்கு ஆறுகளின் பெயர்களை வைத்தது. சிந்து, சட்லெஜ், எல்ப், மெர்சி... அதில் ஒன்றுக்குப் பெயர் கங்கை. பிஜிக்கு ஆளேற்றிய கப்பல்களில் அதுவும் ஒன்று. ராஜேந்திரன் கங்கையைக் கொண்டான் என்று நம்ம ஊருக்குப் பெயர் வைத்தார்கள். கங்கை நம்ம ஜனத்தைக் கொண்டுபோனதை எந்தக் கல்லிலும் வெட்டவில்லை.

கல்லில் வெட்டவில்லை, ஆனால் காகிதத்தில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு கூலிக்கும் ஒரு எமிகிரேஷன் பாஸ். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. இத்தனையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, கப்பலோடு அனுப்பினான். அந்தப் பாஸ்கள் இன்றைக்கும் பிஜியின் தலைநகரமான சுவாவில், ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அக்கறையால் எழுதினதல்ல அது. சரக்கு தொலைந்துபோனால் தேடிப் பிடிப்பதற்காக எழுதினது, மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரி. ஆனாலும் தோழர்களே, ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டில் 'சேரி' என்று மொத்தமாய்க் கிடந்தவன், அவன் அப்பன் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் நெற்றித் தழும்போடும் ஒரு ஆவணத்தில் தனி ஆளாக ஏறுவது அங்கேதான். நம்முடைய மெய்க்கீர்த்தி எது என்று என்னைக் கேட்டால், அந்தப் பாஸைத்தான் சொல்வேன்.

4

பிஜிக்கு எதற்காக நம்மைக் கொண்டுபோனான்? 1874 அக்டோபரில் பிஜித் தலைவர்கள் தீவுகளை ராணிக்கு எழுதிக்கொடுத்தார்கள். அடுத்த வருஷமே வெள்ளைக்காரன் கப்பலில் வந்த தட்டம்மை அந்தத் தீவு ஜனத்தில் சுமார் 40,000 பேரை வாரிக்கொண்டு போனது. அப்போது கவர்னராய் வந்த ஆர்தர் கார்டன், மிச்சமிருக்கிற பிஜியர்களையும் தோட்டத்தில் போட்டு அழித்துவிடக்கூடாது என்று, அவர்கள் நிலத்தை விற்க முடியாதபடியும், தோட்டக் கூலிக்கு இழுக்கப்படாதபடியும் ஏற்பாடு செய்தான். நல்லதுதான். ஆனால் கரும்பு வெட்ட யாராவது வேண்டுமே! டிரினிடாடிலும் மொரீஷியஸிலும் கவர்னராய் இருந்துவிட்டு வந்தவன் அவன். இந்தியாவில் கூலி மலிவு என்று தெரியும். ஒரு பூர்வகுடியைக் காப்பாற்ற இன்னொரு நாட்டுப் பூர்வகுடியைப் பலி கொடுத்த கணக்கு இது. 1882லிருந்து ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஆர். சர்க்கரைக் கம்பெனி அங்கே ராஜாவாகிவிட்டது.

ஐந்து வருஷ ஒப்பந்தம். 'அக்ரிமெண்ட்' என்ற சொல் ஜனங்களின் வாயில் 'கிர்மித்' ஆயிற்று, போனவர்கள் 'கிர்மித்தியா' ஆனார்கள். ஒதுக்கிய வேலையை முழுசாய் முடித்தால் ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். முடிக்காவிட்டால் அதுவும் இல்லை. வேலைக்குப் போகாவிட்டால் கோர்ட்டு, அபராதம், ஜெயில். பத்தடிக்கு ஏழடி அறை, அதில் மூன்று ஆண்கள், இல்லாவிட்டால் ஒரு குடும்பம். அந்த வரிசை வீடுகளுக்கு 'லைன்' என்று பெயர். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற விகிதத்தில் ஏற்றினார்கள். அந்தப் பெண்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. தூக்குப்போட்டுச் செத்தவர்கள் ஏராளம். தோதாராம் சனாத்யா என்ற வடக்கத்தியர் 21 வருஷம் அங்கே இருந்துவிட்டு 1914இல் திரும்பிவந்து சொன்ன கதைதான் இந்தியாவை உலுக்கியது.

ஆனால் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை நம்மால்தான் பார்க்க முடியும். கப்பலில் ஒரே கொப்பரையில் சோறு. யார் ஆக்கினது, யார் தொட்டது என்று கேட்டால் பட்டினிதான். ஒரே தளத்தில் படுக்கை. ஒரே தண்ணீர்த் தொட்டி. 'ஜஹாஜி பாய்', அதாவது ஒரே கப்பல் உறவு, என்று ஒரு புது உறவுமுறையையே அங்கே போனவர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள். சாதியைக் காப்பாற்றத் தேவையான எதுவும், தனித் தெரு, தனிக் கிணறு, தனிச் சுடுகாடு எதுவும், அந்த லைனில் கிடையாது. சாதி மொத்தமாய்ச் செத்துவிட்டது என்று கதை விடவேண்டாம். கவுண்டர், நாயுடு, ரெட்டி, பிள்ளை என்ற பட்டங்கள் இன்றைக்கும் பிஜியில் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. ஆனால் அங்கே பட்டத்துக்குப் பின்னால் ஊரும் இல்லை, சேரியும் இல்லை. பட்டமில்லாதவர்களுக்குத் தாத்தாவின் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. பிஜியை நரகம் என்றார்கள், சரி. நரகத்திலும் சமபந்தி இருந்தது, நம்ம கிராமத்தில் அது இல்லை. இதைச் சொல்வதால் சர்க்கரைக் கம்பெனிக்கு நல்லபெயர் வாங்கிக்கொடுக்கிறோம் என்று அர்த்தமில்லை. இரண்டு நரகத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கவேண்டும் என்கிறேன்.

தேசியத் தலைவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. கோகலே 1912இல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார், தோற்றது. 1916இல் மாளவியா கொண்டுவந்தார், அரசு ஒப்புக்கொண்டது. 1917இல் ஆளெடுப்பு நின்றது, 1920 ஜனவரி 1ஆம் தேதி எல்லா ஒப்பந்தமும் ரத்தாயிற்று. நல்ல காரியம், நன்றி. பாரதியும் கரும்புத் தோட்டத்தைப் பாடினார். அந்தப் பாட்டுக்குத் துணைத்தலைப்பு 'பிஜித் தீவிலே ஹிந்து ஸ்திரீகள்'. கங்காணியின் சாட்டை பட்டதும் அவள் இந்துப் பெண்ணாகிவிட்டாள். அதே நேரத்தில் காவிரிக் கரையில் மிராசுதார் களத்தில் சாட்டை வாங்கிக்கொண்டிருந்த அவளுடைய அக்காள், கோயில் வாசலுக்கு வரமுடியாத பறச்சியாகவே இருந்தாள். கடல் கடந்தால்தான் இந்து, ஊரில் இருந்தால் தீட்டு. இது என்ன கணக்கு? ஆள் கடல்தாண்டிப் போவதை மிராசுதார்களும் எதிர்த்தார்கள். பண்ணைக்கு ஆள் குறையும், கூலி ஏறும் என்பது அவர்கள் கவலை.

நம்ம முன்னோடிகளின் பார்வை வேறாக இருந்தது. இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவிலேயே வருஷக்கணக்கில் வேலைபார்த்தவர். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழ'னுக்கு ரங்கூனிலும் நேட்டாலிலும் வாசகர்கள் இருந்தார்கள். கப்பலேறிப் போனவனை அவர்கள் பரிதாபத்துக்குரிய பிண்டமாய்ப் பார்க்கவில்லை. பத்திரிகை படிக்கிறவனாய், சங்கம் வைக்கிறவனாய், காசு அனுப்புகிறவனாய்ப் பார்த்தார்கள். பிஜியிலும் தென்னாட்டு ஜனம் 1926இல் நாண்டி என்ற ஊரில் சாது குப்புசாமியின் தலைமையில் சன்மார்க்க ஐக்கிய சங்கம் வைத்து, பள்ளிக்கூடம் கட்டினது. தெருக்கூத்தையும் தீமிதியையும் விடவில்லை. நாக்கில் தமிழ் மெல்ல மெல்லப் போய், பிஜி இந்தி வந்து உட்கார்ந்துகொண்டது.

5

இனி அந்தத் தீவின் சொந்தக்காரர்களைப் பற்றி. அவர்களை விட்டுவிட்டு நம்ம கதையை மட்டும் பேசுவது, நம்மை விட்டுவிட்டு சோழன் கதையைப் பேசுவது மாதிரிதான்.

பிஜியர்கள் கடலோடிகள். 'ட்ருவா' என்ற இரட்டைக்கலம் அவர்களுடைய பெரும் சாதனை. ஒரு உடல் பெரிது, ஒரு உடல் சிறிது, இரண்டுக்கும் நடுவே மேடை, முக்கோணப் பாய். நூற்றுக்கு மேல் ஆள் ஏற்றிக்கொண்டு ஐரோப்பியக் கப்பலைவிட வேகமாய் ஓடும் என்று பார்த்த வெள்ளைக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. இந்த மாதிரி இரட்டைக்கலத்தை உலகம் முழுக்க 'கட்டமரான்' என்கிறார்கள். நம்ம மீனவரின் கட்டுமரம் வேறு, அது சேர்த்துக் கட்டின மரம். ஆனால் சொல் நம்முடையது. காலனி ஆட்சியில் அந்தக் கலை சரிந்தது. நீராவிக் கப்பல் வந்தது, பிஜியர்கள் அனுமதியில்லாமல் கிராமத்தைவிட்டு வெளியே தங்கக்கூடாது என்ற விதிகளும் வந்தன. 1913இல் கட்டின 'ராத்து ஃபினாவு' என்ற ட்ருவா இன்றைக்கு சுவா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நம்ம ஆட்களைக் கூலிக்கப்பல் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் அந்த மண்ணின் கப்பல் கரையேறிக்கொண்டிருந்தது.

அது மறுபடி தண்ணீரில் இறங்கினது நம் காலத்தில். ஹவாய்க்காரர்கள் 'ஹோக்குலேயா' என்ற கலத்தைக் கட்டி, 1976இல் சத்தாவல் தீவின் மாவ் பியாயிலுக் என்ற கடலோடியின் துணையோடு, திசைகாட்டி இல்லாமல் நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்தே தஹித்தி போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பொறி பசிபிக் முழுக்கப் பற்றியது. பிஜிக்கு வந்தது 'ஊத்தோ நி யாலோ'. ஆன்மாவின் இதயம் என்று பொருள். 22 மீட்டர் நீளம், இரட்டை உடல், பாயும் சூரிய மின்சாரமும். 2010இல் ஓடத் தொடங்கி, 2011இல் மற்றத் தீவுக் கலங்களோடு ஹவாய்க்கும் அமெரிக்கக் கரைக்கும் போனது. 2014இல் சிட்னியில் நடந்த உலகப் பூங்காக்கள் மாநாட்டுக்குப் போனது. ஆண்களும் பெண்களுமான இளைஞர்கள் அதில் மாலுமிகளாய் ஏறிப் பழகுகிறார்கள். வெளித்தீவுகளுக்குப் போய், பள்ளிப் பிள்ளைகளிடம் பவளப்பாறையைப் பற்றியும் பிளாஸ்டிக்கைப் பற்றியும் மீன்வளத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். இது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல. கடல் ஏறி வருகிறது. வுனிதோங்கோலோவா என்ற கிராமம் 2014இல் முழுசாய் மேட்டுக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

இந்த இளைஞர்களைப் பார்த்து நான் யோசித்தது இதுதான். ட்ருவாவும் ஒரு காலத்தில் தலைவர்களின் போர்க்கப்பல்தான். அங்கேயும் மேல் கீழ் உண்டு, தோற்றவன் ரத்தம் உண்டு. ஆனால் அதை மீட்டெடுத்த பிள்ளைகள் போரை மீட்கவில்லை. காற்றறிவை, நட்சத்திர அறிவை, கடலைக் காக்கிற கடமையை மீட்டார்கள். நம்ம ஊர் விழாவில் கடல் என்றால் கடாரம்தான், வெற்றிதான், கொள்ளைதான். மீன் இல்லை, அலை இல்லை, கடலோரத்து ஜனம் இல்லை.

இன்னொன்று, அவர்களுடைய வழக்கத்தில் 'கோலிகோலி' என்று உண்டு. கிராமத்தை ஒட்டிய கடலும் பாறையும் அந்தக் கூட்டத்தின் பாத்தியதை. தலைவர் இறந்தால், அல்லது மீன் குறைந்தால், ஒரு பகுதியைத் 'தபு' என்று மூடிவைப்பார்கள். மீன் பெருகின பிறகு திறப்பார்கள். உரிமை இருக்கிறவன் காக்கிறான், காக்கிறவனுக்கு உரிமை இருக்கிறது. நம்ம கிராமத்தில் எப்படி? ஏரி மதகைத் திறந்து மூடுகிறவன், வெள்ளம் வந்தால் ராத்திரியில் கரையில் படுத்துக் காவல் காக்கிறவன், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறைவைக்கிறவன் — நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையன் என்று பல ஊர்களில் அது சேரியாள் வேலை. தண்ணீர் மேலாண்மை என்று இன்றைக்குப் பட்டம் கொடுக்கிறார்களே, அந்தப் படிப்பு முழுசும் அவன் காலில் இருந்தது. ஆனால் அவனுக்கு ஏரியில் நிலமில்லை, மீன்பாசியில் பங்கில்லை, ஊர்க்கிணற்றில் வாளி விட உரிமையில்லை. காவல் நமக்கு, பாத்தியதை அவர்களுக்கு. 'மடையன்' என்ற பெயரையே வசவாக்கிவிட்டார்கள். அதனால், சுற்றுச்சூழலைக் காப்போம், நீர்நிலையைச் சுத்தம் செய்வோம் என்று யாராவது நம்ம பிள்ளைகளை அழைத்தால், முதல் கேள்வி இதுவாய் இருக்கட்டும்: சுத்தம் செய்தபிறகு அந்தத் தண்ணீர் யாருக்கு?

அந்தத் தீவிலும் இந்தக் கேள்வி தீர்ந்துவிடவில்லை. மண்ணும் கடலும் பிஜியர்களுக்கு, வேர்வை நம்மவர்களுக்கு என்று வெள்ளைக்காரன் பிரித்துவைத்துவிட்டுப் போனது வெடித்துக்கொண்டேயிருந்தது. 1987 மே 14இல் கர்னல் ரம்புக்கா ராணுவப் புரட்சி செய்து, இந்தியர்கள் பங்கேற்ற அரசைக் கவிழ்த்தார். லியோனிடாஸ் வந்த அதே தேதி. 2000இல் மறுபடி ஒன்று. குடியேறியவர்களின் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாய் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கப்பலில்லாமல் விமானம் ஏறினார்கள். ஆனால் 2023 மே 14ஆம் தேதி, பிரதமராய் இருந்த அதே ரம்புக்கா, தன் புரட்சிக்காகப் பகிரங்கமாய் மன்னிப்புக் கேட்டார். அந்த வருஷத்திலிருந்து கிர்மித் நாள் அங்கே அரசு விடுமுறை. உறவு பழசு என்பதையும் சொல்ல வேண்டும். 1884 மே 11இல் 'சிரியா' என்ற கூலிக்கப்பல் நசிலாய்ப் பாறையில் மோதி 59 பேர் செத்தபோது, மிச்சப்பேரைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டவர்களில் கரையோரப் பிஜியக் கிராமத்தார்களும் இருந்தார்கள். எந்தச் சாதி என்று கேட்டுவிட்டு இழுக்கவில்லை.

6

அரியலூரில் ஒருகாலத்தில் உண்மையிலேயே கடல் இருந்தது. பத்துக்கோடி வருஷத்துக்கு முந்தின கிரெட்டேஷியஸ் காலத்துக் கடல். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சுருள் சுருளாய்க் கல்நத்தை கிடைக்கும், சிப்பி கிடைக்கும். சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த மரம் கிடக்கிறது. அந்தக் கடலின் அடித்தளத்தைத்தான் வெட்டி, சுட்டு, சிமெண்ட் மூட்டையாக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். அந்தத் தூசியை யார் விழுங்குகிறார்கள் என்று சுரங்கத்தை ஒட்டிய தெருக்களில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆக, கடல் இல்லாத எங்க மாவட்டத்துக்கு மூன்று கடல். கல்லுக்குள் இருக்கிற கடல், கல்வெட்டில் இருக்கிற கடல், கப்பல் பாஸில் இருக்கிற கடல். முதலாவதுக்குப் பூங்கா உண்டு. இரண்டாவதுக்கு விழா உண்டு. மூன்றாவதுக்கு ஒன்றுமில்லை.

மொரீஷியஸில் கூலிகள் இறங்கின படித்துறையை 'ஆப்ரவாசி காட்' என்று பாதுகாத்து, 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிவிட்டார்கள். போய் இறங்கின இடத்துக்கு மரியாதை இருக்கிறது. புறப்பட்ட இடத்துக்கும் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை உண்டு. சுவாவிலும் டர்பனிலும் இருக்கிற கப்பல் பட்டியல்களில் திருச்சி ஜில்லா, பெரம்பலூர் தாலுக்கா, உடையார்பாளையம் தாலுக்கா என்று வருகிற பெயர்களை ஒவ்வொன்றாய் எடுத்து எழுதவேண்டும். வெள்ளைக்கார குமாஸ்தாவின் எழுத்துப்பிழையில் ஊர்ப் பெயர்கள் உருத்தெரியாமல் போயிருக்கும். எந்த ஊர் எது என்று அடையாளம் சொல்ல, காப்பகத்தில் உட்கார்ந்திருக்கிற பேராசிரியரைவிட நம்ம சேரிக் கிழவர்களால்தான் முடியும். அதனால் இந்த வேலையில் அவர்களும் ஆராய்ச்சியாளர்களே. 'கப்பலேறிப் போனவன்', 'தீவாந்திரம் போனவன்' என்று எந்த வீட்டில் பேச்சிருந்தாலும் அதைப் பதிவு செய்யவேண்டும். எம்.ஏ. படிக்கிற நம்ம பிள்ளைகள் சங்க இலக்கியத்தில் உவமை எண்ணினது போதும், இதை எடுத்து ஆய்வு செய்யட்டும். மாணவர் மன்றங்கள் மே 14ஐக் கிர்மித் நாளாய் இங்கேயும் நடத்தலாம். அதற்குப் பிஜியிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை.

அப்புறம், அடுத்த ஆடித் திருவாதிரைக்கு மேடை போடும்போது, கடல்கடந்த தமிழரின் பட்டியலை ராஜேந்திரனோடு நிறுத்தாதே என்று ஊர் ஊராய்க் கையெழுத்து வாங்கி மனுக் கொடுக்கவேண்டும். அரசனுக்கு நாணயம் அடித்தாயிற்று. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு சுவர் வேண்டும். அதில் பெயர், தகப்பன் பெயர், கிராமம், கப்பலின் பெயர், போன வருஷம். பாஸில் உள்ளது உள்ளபடி, சாதி என்ற ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு.